உறை பிரித்தவை

உறை பிரித்தால் குப்பை.
கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீடு ஓட்டலான அன்று
எங்களுக்குச் சொன்ன முதல் சட்டம் இது.
ஒரே ஒரு முறை கை கழுவியிருந்தாலும் சரி,
ஓட்டல் பெயர் முதுகில் அழியாமல் இருந்தாலும் சரி,
அடுத்தவர் உடம்புக்கு ஆகாது.

என் உடம்புக்கு ஆகுமா என்று
அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
அழுக்குத் துணி வண்டியின் அடித்தட்டில்
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் அறைத் தம்பதி
ஒரே நாளில் இரண்டு சோப்பு பிரித்து
இரண்டையும் ஈரத்தில் ஊறப்போட்டுப் போனார்கள்.
எட்டாம் அறையில் பதினோரு நாள் தங்கியவர்
நகத்தளவு தேயும் வரை விடவில்லை.
முகம் பார்க்காமலே அவரை எனக்குப் பிடித்துப்போனது.
ஐந்தாம் அறைத் துண்டில் நீளமாய் ஒரு முடி,
செம்பட்டை.
ஊக்கால் நெம்பி எடுத்தேன்.

மார்கழியில் பத்து நாளில் பாட்டில் நிறையும்.
சித்திரையில் மூடி திறக்கவே வேலையிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை
கேரட் துருவியில் துருவி,
ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு,
கொதிக்கிற தண்ணீருக்கு மேல் இன்னொரு சட்டி.
முதல் தடவை பொறுமையில்லாமல்
நேராக அடுப்பில் வைத்தேன்.
பொங்கிய நுரை கேஸ் அடுப்பின் கண்ணையெல்லாம் அடைத்து
இரண்டு நாள் சாம்பாரில் மல்லிகை வாசம்.

உருகும் என்றுதான் நினைத்தேன். உருகவில்லை.
கேப்பைக் களி பதத்தில் நின்றுவிட்டது.
பச்சை, மஞ்சள், ரோஜா, சந்தனம்
எல்லாம் சேர்ந்தால் என்ன நிறம் தெரியுமா?
சிமெண்டு.

அதைப் பார்த்து அடைக்கலம் அப்படிச் சிரித்தார்.
ஆத்தங்குடிப் பட்டறையில் பதிமூன்று வருஷமாக
சிமெண்டைக் கரைத்துப் பூவாக்குகிற ஆள்.
மாதம் ஏழு கட்டி கரைக்கிற கை அது.
அதன் வெடிப்புகளுக்காகத்தான்
இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

"பணியாரக் கல்லில் ஊற்றாதே" என்றார்.
(ஊற்றியிருந்தேன். மகள் ஒன்றைக் கடித்தும்விட்டாள்.)
"கண்ணாடி மேல் ஊற்று.
கண்ணாடி தொட்ட பக்கம்தான் பளபளக்கும்."
மறுநாள் மூலை உடைந்த கண்ணாடி ஒன்றும்
பட்டறையில் ஒதுக்கிப்போட்ட அச்சும்
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.
எட்டு இதழ்ப் பூ.
ஆறு இதழ் விழுந்தது.
இரண்டு அச்சை விட்டு வரமாட்டேன் என்றது.

மிதிக்க மிதிக்க மெருகேறும் எங்கள் கல் என்று
பட்டறைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவர்,
மூன்றாவது குளியலில் மொட்டையான பூவை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பரவாயில்லை" என்றார்.
எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூட வேனில் பக்கத்துச் சீட்டுப் பெண்
தெய்வானையைக் கேட்டாளாம்,
"என்ன சோப்புடி போடுற?"
இவள் யோசிக்கவே இல்லை:
"பதினேழு ரூம்."

வருகிற மாதத்திலிருந்து
குளியலறைச் சுவரில் பெட்டி மாட்டுகிறார்கள்.
அழுத்தினால் ஒரு சொட்டு விழும்.
இனிமேல் மிச்சம் என்ற பேச்சே கிடையாது என்று
மேலாளர் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.
கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

ஹார்லிக்ஸ் பாட்டில் இனிப் பருப்புக்கு ஆகட்டும் என்று
சாயங்காலத்திலிருந்து கழுவுகிறேன்.
ஏழாவது தண்ணீர் இது.
இன்னும் நுரைக்கிறது.