பத்தாம் நம்பர் சாவி

தூண் அங்கேயேதான் இருந்தது என்று
மூன்றாம் முறையாகச் சொன்னேன்.
பேரங்காடியின் கீழ்த்தளத்தில்
மஞ்சளும் கறுப்பும் அடித்து,
குழந்தைகூடப் பார்த்துவிடும் தூண்.
ரேணுகா பதில் சொல்லவில்லை.
டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தாள்.

பட்டறையில் எண்ணூற்றைம்பது வெள்ளி கேட்டான்.
நானே கழற்றுகிறேன் என்று வந்துவிட்டேன்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கார் நிறுத்தம்,
ஞாயிறு, மணி ஆறரை.
ஐஸ் பெட்டி வந்த அட்டையைத் தரையில் விரித்து
மைவியின் முகத்துக்கு முன்னால் மண்டியிட்டேன்.

பானட்டைத் திறந்தால் மேலே ஏழு கிளிப்பு.
நடுக்குமிழை முதலில் நெம்ப வேண்டும்.
நான்கு வந்தன.
இரண்டு உடைந்தன.
ஒன்று தெறித்து இன்ஜினுக்குள் போனது,
தரையில் விழுந்த சத்தமே இல்லை.
கிடைத்ததையெல்லாம் மைலோ டின்னில் போட்டாள்,
உடைந்ததையும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடி என்றேன். ஒடித்தாள்.
சக்கரம் விலகிய இடுக்கில் கையை விட்டால்
சேறு, அங்சானாச் சருகு,
அப்புறம் ஒரே ஒரு போல்ட்டு.
பத்தாம் நம்பர்.
என் பெட்டியில் எட்டு இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது.
பத்து மட்டும் எந்த வீட்டிலும் தங்குவதில்லை.

மூன்றாம் மாடி ஆ சூனிடம் இருந்தது.
கொடுத்தவர் போகாமல் நின்றார்.
'தாரிக்லா, பிளாஸ்டிக் சாஜா' என்று
என் முதுகுக்குப் பின்னால் தைரியம் சொன்னார்.

இழுத்தேன்.
டக், டக், டக்கென்று
சொடக்கு எடுப்பதுபோல ஓரம் விட்டது.
பனிவிளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு
அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
தூங்கிப்போன பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றுவதுபோல
அட்டையில் இறக்கினோம்.

பல்செட் கழற்றிய மாமாவின் முகம் காருக்கு.
ஹார்ன், ரேடியேட்டர்,
அதில் ஒட்டிக் காய்ந்த நாலைந்து தட்டான்கள்.

டார்ச் வலமிருந்து இடம் போயிற்று.
கொஞ்சம் நின்றது.
குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தின் வலது நுனியில்
அவளுடைய தூண், ஒரு கீறலாக.
இடது பக்கம் முழுக்க
நெளிந்து, சுத்தியலால் நிமிர்த்தி,
வெல்டிங் தழும்பில் துருவேறி
வேறொன்று.

"இது?"

எதிர்ப் புளோக்கின் கீழே, ஏழாம் மாதம்,
யாரோ இறந்தவருக்குக் காகிதக் கார் எரித்துக்கொண்டிருந்தார்கள்.
வெள்ளைக் கார். கீறலே இல்லை.
உள்ளே காகித ஓட்டுநர்
கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.
சாம்பல் மிதந்து வந்து எங்கள் இன்ஜின் மேல் உட்கார்ந்தது.
ஆ சூன், சாவி அப்புறம் என்று சைகை காட்டிவிட்டு
படியேறிப் போனார்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர் என்றேன்.
நீ ஈப்போவில், அக்கா வீட்டில்.
ராத்திரி ஷிப்டுக்கும் காலை ஷிப்டுக்கும் நடுவில்
இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு
திரும்ப பாயான் லெப்பாஸ் போகும்போது,
கடலோர நெடுஞ்சாலை, இன்னும் விடியவில்லை.
தடுப்புக் கம்பி
அங்கேயேதான் இருந்தது.

"தூங்கிட்டீங்க."

நீ வருவதற்குள் பம்பரை மாற்றினேன்.
பெயிண்ட் வாசனை போகாமல்
பின்சீட்டில் பாண்டான் இலைக்கட்டு வைத்தேன்.
எதற்கு என்று கேட்டாய்.
கரப்பானுக்கு என்றேன்.

அவள் அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள்.
துரு ஒட்டிக்கொண்டது.
"கம்பிக்கு அந்தப் பக்கம்?"
பாறை என்றேன்.
"அதுக்கு அந்தப் பக்கம்?"

தூறல் ஆரம்பித்தது. பானட்டைச் சாத்தினேன்,
பூட்டாமல் ஆடியது.

நாளைக்கு நான் கொண்டு விடுறேன் என்றாள்.
மூஞ்சியில்லாத காரிலா?
ஆமாம்.
நீ தூணில்...
ஆமாம், நான்தான் என்றாள்.

பிறகு டின்னைக் கவிழ்த்து எண்ணினாள். ஆறு.
டார்ச்சோடு மல்லாந்து
காருக்கடியில் நகர்ந்து போனாள்.
வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான்,
செருப்பு ஒன்று கழன்று.