பழுது காணும் கண்

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
பூதக்கண்ணாடிக்கு அடியில்
ஈயப் பற்றவைப்புகளைப் பார்ப்பது என் வேலை.
மயிரிழை விரிசல் ஒன்று, அல்லது ஒரு குமிழ்.
போதும். சிவப்பு ஸ்டிக்கர். அடுத்தது.

அதே கண்ணோடுதான்
பாயா தெருபோங்கின் பதினாறாவது மாடிக்கு வருகிறேன்
காலை எட்டரைக்கு,
லிஃப்டில் யாரோ விட்டுப்போன கறிமீ வாசனையோடு.

கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு வைத்த காக்கட்டீல்.
அதனால் பெயர் சம்பால்.

இதற்கு முன் ஒன்று இருந்தது.
அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை.
பருத்திக் கயிற்று ஊஞ்சலில்
ஒரு நூல் பிரிந்திருந்தது. ஒரே ஒரு நூல்.
கால்விரலைச் சுற்றிக்கொண்டது.
இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது.
அன்று எனக்கு ஓவர்டைம்.
நானூறு பலகைகளில் ஒரு பழுதையும் தவறவிடவில்லை என்று
சூப்பர்வைசர் ஃபரீடா
என் தோளைத் தட்டிய நாள்.

ஆகவே சம்பால் வருவதற்கு முன்பே
கூண்டைச் சோதித்தேன்.
துத்தநாகம் பூசிய கம்பி,
மூலையில் கட்டி தட்டிய பற்றவைப்பு,
அலகு சுரண்டினால் உதிரும்.
நிராகரிப்பு.
துருப்பிடிக்காத எஃகில் இன்னொன்று வாங்கினேன்,
ஒரு மாத ஓவர்டைம் காசு.
வேலையிடத்து அளவுகோலைக் கைப்பையில் ஒளித்து வந்து
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அளந்தேன்.
மணியின் நாக்கைப் பிடுங்கினேன்.
ஊமை மணியும் ஆபத்தாகத் தெரிந்தது,
அதையும் எடுத்தேன்.
ஏணிப்படியில் கால் மாட்டும். எடுத்தேன்.
கண்ணாடி விளிம்பு. எடுத்தேன்.
ஊஞ்சலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒட்டாத பூச்சுச் சட்டி அதிகம் காய்ந்தால்
மணமே இல்லாமல் பறவையின் மூச்சை நிறுத்துமாம்.
கீழ்வீட்டு சியூ லானிடம் கொடுத்துவிட்டேன்.
‘கீலா’ என்றாள்,
சட்டியை இரு கையாலும் வாங்கிக்கொண்டே.
கொசுவர்த்தி நின்றது. சாம்பிராணி நின்றது.
வெள்ளிக்கிழமைகளில் முருகன்
புகை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

டெங்கிக்குப் புகை அடிக்க ஆட்கள் வந்த மாலை
கூண்டோடு குளியலறைக்குள் போனேன்.
கதவிடுக்கில் ஈரத்துண்டு.
வெளியே இயந்திரம் மாடி மாடியாக உறுமி ஏறியது.
இருட்டில் முக்கால் மணி நேரம்.
அது என்னைப் பார்த்தது.
நான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம்
கூண்டின் தரையில் இறகுகள்.
உதிர்ந்தவை அல்ல, பிடுங்கியவை.
நெஞ்சில் ஐம்பது காசு அளவுக்கு
இளஞ்சிவப்புத் தோல்.

ஜெலுத்தோங்கில் டாக்டர் ஓங்
இரத்தம் எடுத்தார். ஈயம் இல்லை.
துத்தநாகம் இல்லை. பூச்சி இல்லை.
‘கூண்டில் என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள்?’
ஒன்றுமே இல்லை, என்றேன்.
பாஸான பலகையை நீட்டும் அதே குரலில்.
அவர் பேனாவை மூடினார்.
‘அதைத்தான் அது பிடுங்கிக்கொண்டிருக்கிறது.’

கடற்கரைச் சாலை நெடுக
மடியில் கூண்டு, முன்னால் நெரிசல்.
கிராப் ஓட்டுநர் ஏதோ கேட்டார்,
பதில் சொன்னதாக நினைவில்லை.

கோயிலில் திருவிழா முடிந்து
கழற்றிப் போட்ட தோரணத்துக் குருத்தோலை.
கழுவினேன், முடிச்சு எதுவும் போடாமல்
கம்பியிடுக்கில் செருகினேன்.
அது பயந்து மூலைக்குப் போனது.
குளித்து வந்தேன். இன்னும் மூலையில்தான்.
தேநீர் ஆறிப்போன பிறகு
ஒரு காலை எடுத்து வைத்தது, இன்னொரு காலை.
பிறகு கிழித்தது.
நுனியிலிருந்து, நிதானமாக, நார் நாராக.
நான் இத்தனை வருடம் பழுது தேடுகிறேன்.
அது உட்கார்ந்து பழுது செய்துகொண்டிருந்தது.

ஒரு நார் மட்டும் நீளமாக,
மெல்லியதாக,
கால் பக்கம் ஆடியது.
எழுந்தேன். நகவெட்டியால்
அதை மட்டும் நறுக்கினேன்.
மற்றதில் கை வைக்கவில்லை.
கை வைக்காமலிருப்பது சுலபமாக இல்லை.

திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
கூண்டிலிருந்து அலகை அரைக்கும் சத்தம்,
தூக்கம் வந்தால் அப்படித்தான் செய்யும்.
மாலை ஆறரைக்கு வேன் வரும்.
அதற்குள் ஒருமுறை எழுந்து பார்ப்பேன்.
இரண்டுமுறை.