ஒற்றை ஓட்டுத் தையல்

கடைசி ஆட்டத்தில் பதினோரு புள்ளியில் தோற்றுத்
திரும்பிய பேருந்தின் எஞ்சின் இன்னும் ஆறவில்லை.
கெல்வின் ப்ராட்னாக்ஸ் போகிறானாம்.
போர்ட்டலில் பெயர் ஏறிவிட்டதாம்.
சொன்னது கோச் இல்லை,
சலவைத்தூள் டப்பாவின் மேல் கிடந்த என் போன்.
அவன் சட்டை அப்போது
என் கண்ணெதிரே நுரையில் சுழன்றுகொண்டிருந்தது.
எண் பதினான்கு. முதுகில் எட்டு எழுத்து.

பத்தொன்பது வருடமாக இந்த அணிக்கு
உடுப்பு, ஷூ, துவாலை எல்லாம் என் பொறுப்பு.
அயோவாவின் இந்த மூலையில்
சோளத்துக்கும் காற்றுக்கும் அடுத்தபடி
நாங்கள் பேசிக்கொள்ள இருப்பது இந்தப் பையன்கள்தான்.

முன்பெல்லாம் பெயர்ப்பட்டையை
இரண்டு சுற்று ஓட்டித் தைப்பேன்,
நான்கு வருடம் தாங்க வேண்டுமே என்று.
இப்போது ஒற்றை ஓட்டு.
ஊசிமுனையால் ஒரு நிமிண்டு, ஓர் இழுப்பு,
வந்துவிடும்.
யாரும் அப்படித் தைக்கச் சொல்லவில்லை.
மனதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

கோச் ஹாகார்டின் வெள்ளைப் பலகையில்
அம்புக்குறிகள் பாய்ந்த இடத்தில்
காற்புள்ளி வைத்த எண்கள் உட்கார்ந்திருக்கின்றன.
தப்பான பாஸுக்குத் தொண்டை கிழியக் கத்தியவர்
இப்போது வாயைத் திறக்குமுன்
பையனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.
டிராக்டர் விற்கிற டெலேனி
பயிற்சிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து
தன் காசில் வந்தவன் ஏன் பெஞ்சில் இருக்கிறான்
என்று சத்தமாகக் கேட்கிறான்.

அன்றிரவு கோச் உள்ளே வந்து
உலர்த்தியில் சாய்ந்துகொண்டார்.
"விசுவாசம் என்று ஒன்று இருந்தது, மார்லிஸ்.
தின்ற உப்பை நினைப்பார்கள்."
நான் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்
டகோட்டாவில் பதின்மூன்று பேரை விட்டுவிட்டு
இவர் இங்கே வந்தார்.
அந்தப் பையன்கள் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.
இவர் ஜாக்கெட்டில் பெயர் தைத்தவள் நான்.
பத்திரிகையில் அதற்கு
'அடுத்த படி' என்று போட்டிருந்தது.

உப்பென்றால் எனக்குத் தெரியும்.
கழுத்துப்பட்டையில், அக்குளில்
வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும்.
போட்டவர்கள் அவர்கள்.
தின்றது இந்த அரங்கம்,
இதன் புதுக் கூரை, என் சம்பளமும்தான்.

ஓடெல் ஸ்ட்ரிக்லண்ட் நான்கு வருடமும் இருந்தான்.
அவன் எண் போட்ட சட்டை
புத்தகக் கடையில் எழுபது டாலருக்குப் போனது.
அம்மாவைப் புதைக்கப் போக
அவனிடம் பெட்ரோலுக்குக் காசில்லை.
துவாலை மடிப்பில் இரண்டு இருபதுகள் வைத்தேன்.
அது விதிமீறல்.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.
முழங்கால் போய்
இப்போது ஏதோ கிடங்கில் இரவு வேலை என்று கேள்வி.

கெல்வினின் முதல் செக்கில்
அவன் அம்மாவுக்குப் பல் கட்டினார்கள்.
போட்டோ காட்டினான்.
வாயை மூடாமல் சிரிக்கிற ஒரு பெண்.

வியாழக்கிழமை ஷூக்களை எடுத்துப் போக வந்தான்.
வாசலிலேயே நின்றான், அரங்கில் அத்தனை உயரமானவன்
நிலைக்குக் கீழே குனிந்தபடி.
"பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா, மிஸ் மார்லிஸ்?"
சட்டை கல்லூரியுடையது.
பெயர் யாருடையது என்று எந்த விதியிலும் இல்லை.
மேசையில் குப்புறப் போட்டு
ஊசியை நுழைத்து இழுத்தேன்.
எட்டு எழுத்தும்
ஒரு மூச்சில் கழன்று என் கையில் தொங்கின.

அவன் அதை வாங்கவில்லை.
நூலைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான்.
"இவ்வளவு லேசாகவா தைத்திருந்தீர்கள்?"

துணி கிழியக்கூடாதில்லையா, என்றேன்.
பின்னால் உலர்த்தி
முடிந்துவிட்டதென்று கூவத் தொடங்கியது.
நிறுத்தப் போகாமல்
இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.