ஏழாவது பல்

பால் ஊற்றிவிட்டு டவுனிலிருந்து வந்து பார்த்தால்
வாரி அதே ஆணியில்தான் தொங்குகிறது,
ஆனால் பல் வெளிப்பக்கம்.
நான் எப்போதும் பல்லைச் சுவரைப் பார்க்க மாட்டுவேன்,
கன்றுக்குட்டி கண்ணைக் குத்திக்கொள்ளும் என்று.

ஏழு பல். கொய்யாக் கட்டை.
ரோட்டை அகலமாக்க வந்த புல்டோசர்
கிராணி வீட்டுக் கொய்யாவைச் சாய்த்த அன்று
ரெண்டு கிளைக்கு மூன்று லிட்டர் பால் கொடுத்தேன்.
பாராங் கத்தியால் சீவி, துளையில் இறக்கி,
ஒரு ராத்திரி தொட்டித் தண்ணீரில் போட்டால்
பல் உப்பித் தானே பிடித்துக்கொள்ளும்.
ஆணி வேண்டாம், கோந்து வேண்டாம்.

ஆ லியோங் கடையில் பச்சை பிளாஸ்டிக் வாரி
எட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
வாங்கினேன், இல்லை என்று சொல்லவில்லை.
லாலான் தட்டைக்கு ஒரே வாரம் தாங்கியது;
இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவு.

மழைமாதத்துக்கென்று காயப்போட்ட புல்லை
அன்று மத்தியானம் ஒதுக்கிக்கொண்டே போய்த்
திரும்பிப் பார்த்தேன். தரையில் ஒரு கோடு.
ஆறு பல் புல்லைத் தொட
ஒன்று மட்டும் மண்ணைக் கீறியிருக்கிறது.
ஓரத்துப் பல் என்னுடையதில்லை.
வெளுத்த ரப்பர்க் கட்டை,
கட்டைவிரல் நகமளவு நீளம் அதிகம்.
சீவினவன் கைச்சுத்தக்காரன், ஒரு பிசிறு இல்லை.
அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்பலசாமியாக இருக்காது.
அவன் ஊசி இரவல் வாங்கினாலும்
பெரட்டுக்களம் முழுக்கத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு
பதினாலாம் பிளாக்குக்குள் ஓடிவிட்டது.
தேடிப் போனால், செம்பனை மரத்தடியெல்லாம்
வட்டம் வட்டமாய் வாரிய தடம்.
ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஆழக் கோடு.
மாட்டை மறந்தேன்.
கோட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாய் நடந்தேன்.

வங்காளப் பையன், ஷஃபிகுல்.
என்னைக் கண்டதும் வாரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.
காம்பு அவன் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது.
"பிஞ்ஜாம், மாச்சிக், பிஞ்ஜாம்."
இரவலுக்கும் கேட்கிற வாய் வேண்டும் என்றேன், தமிழில்.
சுற்றிலும் உதிரிப்பழ மூட்டை, ஐந்து.
கையால் பொறுக்கினால் ரெண்டுதானாம்.
பல் உடைந்தது உண்மை,
நீளமாய்ச் செருகியது வேண்டுமென்றே.
பழம் சருகுக்கடியில் ஒளிந்துகொள்கிறது,
மண்ணைத் தொடாமல் வராது என்று
குனிந்து இழுத்தே காட்டினான்.

புல்லுக்கு மண் ஆகாது. மாடு இருமும்.
இருமிக் காட்டினேன்.
அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை,
ஐந்து மூட்டையை எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

வாடகை கேட்கலாம் என்றுதான் நினைத்தேன்.
மிச்சக் கொய்யாக்கிளை பரணில் கிடப்பது
அப்போது ஏன் வாயில் வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
சாயங்காலத்துக்குள் அவனுக்கென்று ஒரு வாரி,
பல்லெல்லாம் நீளம். அவனே சீவினான்;
நான் துளை போட்டேன், பால் டீ போட்டேன்.
பிறகு என் வாரியிலிருந்து அந்த ரப்பர்ப் பல்லைப் பிடுங்கப் பார்த்தோம்.
ஆறே மாதத்தில் வண்டு தின்னும் கட்டை அது.
இடுக்கி, சுத்தியல், அவன் குதிகால்.
அசையவில்லை. ஊறிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் நுனியை மட்டும் அறுத்தேன்.
கீழே விழுந்த துண்டை எடுத்து
பீடி மாதிரிக் காதில் சொருகிக்கொண்டு
புது வாரியைத் தோளில் போட்டு நடந்தான்,
ரோட்டில் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம்
ஒதுங்கிப் போகும்படி, குறுக்காக.

செவலை தானாகவே வந்து சேர்ந்தது,
வாயெல்லாம் செம்பனை எண்ணெய்.