இருசப்பன் இறந்த செய்தி

நூற்றிருபது சொல் போதும் என்பார்கள்
நாளிதழ் அலுவலகத்தில்.
அதில் நாற்பதாவது சோகமாக இருக்க வேண்டும்.

ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடி,
ஒரு மேஜை, இரண்டு செல்போன்.
ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி.
அதைத் திறந்து வைக்கத்தான் காசு செலவாகும்.
பாடுகிறவர்கள் தருகிற அந்தக் காசில் சாப்பிடுகிறேன்.

பங்குனி வெயிலில் பூங்காவனம் வந்தாள்.
இருபத்தொரு வருடம் மெல்லிசைக் குழுவில்
அடுத்தவர் குரலில் பாடியவள்.
கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை,
கொண்டலாம்பட்டிக் கல்யாணங்கள்,
சூரமங்கலத்தில் ஒரு வெற்றி விழா
(மறு எண்ணிக்கையில் தோற்றதால் பாதிச் சம்பளம்).
இப்போதுதான் முதல் சொந்தப் பாட்டு.
ஏற்காட்டில், கோடை விழா மேடையில் வெளியீடு.

கஷ்டப்பட்டது ஏதாவது சொல்லுங்கக்கா என்றேன்.
தட்டுவடை செட்டைக் கடித்தபடி யோசித்தாள்.
"சங்ககிரி தாண்டி ஒருக்கா வேன் பஞ்சராச்சு."
அப்பா குடிப்பாரா?
"ஹார்லிக்ஸ்."
அடிப்பாரா?
"தாளம் அடிப்பாரு. அதுவும் தப்பா."
பாடக் கூடாதுன்னு தடுத்தாரா?
"மொத மைக்கே அவரு போனஸ்ல வாங்குனதுங்க."

இப்படியொரு குடும்பத்தை வைத்துக்கொண்டு
மனுஷன் என்னதான் எழுதுவது?

அன்றிரவு அவரைக் கொன்றேன்.
வெள்ளக்கல்பட்டிச் சுரங்கத்தில், மண் சரிந்து,
மகளுக்குப் பதினொரு வயது ஆகும்போது.
கரி படிந்த கையால் கடைசியாக
அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார் என்று எழுதுகையில்
எனக்கே தொண்டை அடைத்தது.
மூன்று நாளிதழ், ஒரு வார இதழ், ஒரு பண்பலை.
ஒருவரும் ஒரு சொல்லை வெட்டவில்லை.

காலை ஏழு மணிக்கு போன்.
"தம்பி, இருசப்பன் பேசறேன்.
பேப்பர்ல செத்துப் போனவன்."

பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"இருளப்பன்னு போட்டிருக்கான். அது இருசப்பன்.
அப்பறம், மேக்னசைட்டு வெள்ளக் கல்லு தம்பி.
முப்பது வருசமும் வெள்ளையாத்தான் வீட்டுக்கு வந்தேன்,
எங்க நாயே என்னப் பாத்துக் கொலைக்கும்.
நீ கரின்னு எழுதியிருக்கே.
கூட வேல செஞ்சவன் படிச்சா சிரிப்பான்."
செத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"கூட்டம் வருமா?"
வருங்கய்யா.
"அப்பச் சரி."

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன்.
முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்,
ஜரிகைத் துண்டும் குரங்குக் குல்லாவுமாக.
பனி இறங்கி மேடையையே காணோம்.
அந்தப் புகையில் ஆளும் வெள்ளையாகத்தான் தெரிந்தார்.

தொகுப்பாளர் என் குறிப்பைப் படித்தார், குரல் தழுதழுக்க.
மறைந்த தந்தைக்கு ஒரு நிமிடம் மௌனம் என்றார்.
நாற்காலிகள் உரசின.
முதலில் எழுந்தது இருசப்பன்தான்,
குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.
மேடையில் பூங்காவனம் உதட்டைக் கடித்திருந்தாள்.
அதைப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர்.

பிறகு பாடினாள்.
யார் குரலும் இல்லை அது.
நான் அனுப்பிய நூற்றிருபதில்
அந்தக் குரலைப் பற்றி ஆறு சொல் இருந்திருக்கும்,
அதிலும் இரண்டு 'தேன்'.

நாற்காலிக் கையில் தப்புத் தாளம் போட்டபடி
கண்ணைத் துடைத்துக்கொண்ட பெரியவரைக் காட்டி
"யாருங்க அது?" என்றார் ஒரு நிருபர்.
ரசிகர் என்றேன்.
அவரே எட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்
பெயரை.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் படம்:
'மெய்மறந்த ரசிகர் இருசப்பன்.'
எழுத்துப்பிழை இல்லை.

மீதிப் பணத்தில் ஐந்நூறு குறைத்து அனுப்பினாள் பூங்காவனம்.
என்ன கணக்கு என்று
நான் கேட்கவில்லை.