தானாக நடப்பதற்கு முன்

‘வால்யூம்கள் தானாக உருவாகும்’ என்கிறது
கையேட்டின் பதினான்காம் பக்கம்.
முந்தைய பதின்மூன்று பக்கங்களில் இருப்பது
எதுவும் தானாக ஆகாது.

ரெஜைனா. மார்ச் மாதத்து இரண்டாம் சனி
ஞாயிறாக மாறிக்கொண்டிருக்கிறது.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
சர்வர் அறையில் மார்புக்கு எதிரே குளிர்காற்று,
முதுகுக்குப் பின்னே அடுப்பங்கரை.

பருப்புக் கம்பெனிக்கு நாற்பது வால்யூம்கள் வேண்டும்,
விடிவதற்குள்.
எந்த லாரி, எந்த வயல்,
ஈரம் எவ்வளவு, கல் எவ்வளவு,
சிவப்பா பச்சையா,
அத்தனையும் இங்கே வந்து கொட்டப் போகிறது.
எங்கள் ஊரில் இதற்கு மைசூர்ப் பருப்பு என்று பேர்
என்றேன் டாரிலிடம்.
மைசூரில் பனி எப்போது உருகும் என்று கேட்டான்.

முதலில் வழி.
ஒன்று போதாது. ஒருத்தர் கால் இடறினால்
இன்னொன்று தாங்க வேண்டும்.
டாரில் டெஜார்லே ரேக்கின் பின்னால் மண்டியிட்டு
ஆரஞ்சு, ஆரஞ்சு, நீலம் என்று
கேபிள்களைத் தடவி எண்ணுகிறான்.

பிறகு பெயர்.
முப்பத்தெட்டு எழுத்தில் ஒரு சர்வரின் பெயர்
எதிர்ப்பக்கத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும்.
ஓர் எழுத்து பிசகினாலும்
பந்தியில் இலை கிடையாது.

பிறகு அனுமதி.
உருவாக்க மட்டும் கொடுத்தேன். முறைத்தது.
அழிக்கவும் விடு, அப்போதுதான் தொடங்குவேன்
என்று அடம்.
பாதியில் தவறினால் தன் குப்பையைத் தானே அள்ளுமாம்.
வான்கூவரில் தூங்காத ஒரு மேலாளர்
‘சரி’ என்று பதில் போட்டார்,
முற்றுப்புள்ளிகூட இல்லாமல்.

பிறகு, காலி.
இதுதான் நேரம் தின்றது.
இருபத்துநான்கு டிஸ்க்குகள். இருபத்துமூன்று
கேட்டதும் வெறுங்கையை விரித்தன.
ஒன்று மட்டும்
என்னிடம் ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை என்றது
கேட்காமலே.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை.
உள்ளே போய்ப் பார்த்தேன்:
முதல் சில பைட்டுகளில் ஒரு பழைய குறி,
யாரோ எப்போதோ வைத்த பெயர், ‘ஆலங்கட்டி-7’.
ஏதோ பயிர்க் காப்பீடாக இருக்கும்.
எந்தக் கோதுமை, எந்த ஆகஸ்ட், யார் கேட்டு
யார் கொடுக்கவில்லை, தெரியாது.
டாரிலின் சித்தப்பா வயலில் ஒரு வருஷம்
முட்டை அளவுக்கு விழுந்ததாம்.
படமெல்லாம் எடுத்து அனுப்பினாராம்.
இதில் இருக்குமோ என்றான். சிரித்தான்.
கொஞ்ச நேரம் இருவரும் விசையைத் தொடவில்லை.

அப்புறம் துடைத்தேன்.

இரண்டு மணிக்கு ஆணை கொடுத்தேன்.
மறுத்தது.
வழி உண்டு, பெயர் உண்டு, அனுமதி உண்டு, காலி உண்டு.
மீண்டும் கொடுத்தேன். மீண்டும் மறுத்தது.
இந்தச் சீட்டு செல்லாது, காலம் கடந்துவிட்டது என்றது,
நான் சீட்டு வாங்கி நாலு விநாடி ஆகாத போது.

மங்கை, மணியைப் பார் என்றான் டாரில்.
சுவரில் இரண்டு. பெட்டியில் மூன்று.

யாரோ வின்னிபெக்கிலிருந்து வந்து
நிறுவிய நாளில் தன் ஊர் நேரத்தைக்
கையால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
குளிர்காலம் முழுக்க இரண்டு ஊருக்கும் ஒரே மணி,
ஒருவருக்கும் தெரியவில்லை.
இன்றிரவு அவர்கள் கடிகாரம் தாண்டிக் குதித்தது.
நாங்கள் சஸ்காட்செவன்காரர்கள்,
கோடைக்கென்று முள்ளைத் தள்ளுவதில்லை.

பதின்மூன்றாம் பக்கம், கடைசி வரி, சின்ன எழுத்து:
‘இருபுறமும் நேரம் ஒத்திருக்க வேண்டும்.’
வாசித்திருந்தேன். டிக் அடித்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தைப் பின்னால் தள்ளினேன்.
பதினொரு விநாடி.
நாற்பது வால்யூம்கள், வரிசையாக, பச்சை விளக்கோடு.
பதிவேட்டில் ஒரே வரி:
தானாக உருவாக்கப்பட்டவை.

வாகன நிறுத்தத்தில் பனி கண்ணாடிபோல் நொறுங்கியது.
மாலையிலிருந்து என்ஜினுக்குச் சூடு ஏற்றிக்கொண்டிருந்த
பிளக்கைப் பிடுங்கி, விறைத்த வயரைச் சுருட்டி,
சாவியைத் திருப்பினேன்.
பிடித்துக்கொண்டது.
டாரிலின் வண்டி இருமிக்கொண்டே இருந்தது.
ஜன்னலை இறக்கி, ஏறு என்றேன்.