டாக்பேக்

குஞ்சப்பனை தாண்டும்போதே காது அடைத்துவிட்டது.
வேனில் எல்லோரும் எச்சில் விழுங்கினோம்.
டிரம்ஸ் ரோஷன் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தான்.
பலாப்பழக்காரி விலை சொன்னாள்,
யார் காதிலும் சரியாக விழவில்லை.
விழுந்த மாதிரி தலையாட்டி
ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம்.

கோத்தகிரியில் கல்யாண வரவேற்பு.
மண்டபத்துக்குப் பின்னால் தேயிலை,
தேயிலைக்குப் பின்னால் பனி,
அதற்கும் பின்னால் ஏதாவது இருந்திருக்கும்.

என் இயர்போன் எனக்கென்றே அளவெடுத்தது.
கோவையில் ஒரு மாடிக் கடையில்
காதுக்குள் இளஞ்சிவப்புக் கூழை ஊற்றி
பல்லிடுக்கில் கட்டையைக் கடிக்கவைத்து
அஞ்சு நிமிஷம் ஆடாதீங்க என்றார்கள்.
உறைந்து வந்ததைப் பார்த்தேன்:
இடது காது ஒரு இஞ்சித்துண்டு,
வலது காது அதற்கு ஒட்டாத உறவு.
பதினோரு கச்சேரிச் சம்பளம்.

மாட்டிக்கொண்டால் மண்டபம் போய்விடும்.
சொந்தக்காரர்களின் வாய்கள் மட்டும் அசையும்.
கைதட்டல், பக்கத்து வீட்டில் யாரோ
முறத்தில் அரிசி புடைப்பதுபோல.
மிச்சம் இருப்பது என் குரல்,
ஒரு கரண்டி கீபோர்டு,
கூட்டத்துக்குக் கேட்காத கிளிக்,
பிறகு மரியசூசை அண்ணன்.
"பிரிசில்லா, கேக்குதா? கட்டைவிரலைத் தூக்கு."

ஒரு மாதமாக அவரோடு எனக்குத் தகராறு.
அண்ணே, ஒவ்வொரு 'ச'வும் ஊசியா குத்துது,
டிரெபிளைக் குறைங்க.
குறைப்பார்.
அடுத்த ஊரில் அதே ஊசி.
பழிவாங்குகிறார் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு விடவில்லை,
புக்கிங் பார்க்கிற ஞானவேல் சாரிடம் சொல்லியும்விட்டேன்.

நாலாவது பாட்டு, இரண்டாவது சரணம்.
மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம்.
மேடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள்
அண்ணன் டாக்பேக்கை அணைக்க மறந்திருந்தார்.
போனில் பேசினார்.
என் வலது காதுக்குள், இவ்வளவு பக்கத்தில்,
என் கணவர்கூட இதுவரை பேசியதில்லை.

"கோடு நேரா வந்து
நாலாயிரத்துல பள்ளமா விழுதாம்.
ரெண்டு காதும்தான்.
ஆமா, அந்தச் சத்தம் எல்லாம் எனக்கு இல்லவே இல்லையாம்.
இல்ல, அழாத.
ஞானவேலுக்குத் தெரியக் கூடாது.
ஜூன்ல பீஸ் கட்டிரலாம், அதுவரைக்கும்."

கிளிக் நிற்கவில்லை.
அதற்கு யார் வீட்டு ஜூனும் கிடையாது.
நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.
சரணத்தில் ஒரு வரியை இரண்டு முறை பாடினேன்.
ரோஷன் திரும்பிப் பார்த்தான்.
மாப்பிள்ளை வீட்டார்
அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் அதே குரல்,
வேறு சட்டை போட்டுக்கொண்டு:
"பிரிசில்லா, இப்ப எப்படி? குத்துதா?"
குத்தியது.
கையிலிருந்த தாளோடு சேர்த்து
கட்டைவிரலைத் தூக்கினேன்.
அது பொய்யா, கடனா என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.
இரவெல்லாம் காது ரீங்கரித்தது,
எனக்குக் காது இருக்கிறது என்று.

இறங்கும்போது விடிகாலை.
கொண்டைஊசி வளைவுகளில் பனி வேனை மோந்து பார்த்தது.
காது மறுபடி அடைத்தது, எல்லோருக்கும்.
முன் சீட்டிலிருந்து ஞானவேல் சார் திரும்பினார்:
"அந்த டிரெபிள் விஷயம் என்னாச்சும்மா?"

தெளிவாகக் கேட்டது.
"என்ன சார்?" என்றேன்,
காதைத் தொட்டுக் காட்டி.
அவர் சத்தமாக இன்னொரு தடவை கேட்டார்.
"என்ன?" என்றான் ரோஷன், கொட்டாவியோடு.
கடைசி சீட்டில், கேபிள் மூட்டைமேல்
தலை சாய்த்திருந்த அண்ணனும்
"என்ன?" என்றார்.

அந்த வளைவில் அது யாருக்கும்
வித்தியாசமாகப் படவில்லை.
சார் கையை உதறிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.
கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.
நான் எச்சில் விழுங்காமல் இருந்தேன்,
முடிந்தவரை.